‘ஊதுங்க சார்!’ – குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோருக்கான சட்டம் வந்த வழி

சனிக்கிழமை ராத்திரி மணலி சாலைப் பக்கம் போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். இரும்புத் தடுப்பு இரண்டைக் குறுக்கே வைத்திருப்பார்கள். டார்ச் விளக்கு ஆடும். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கையடக்கக் கருவி ஒன்றை வாய்க்கு நேரே நீட்டி, “ஊதுங்க” என்பார் போக்குவரத்துக் காவலர். ஊதியதும் கருவியில் ஓர் எண் வரும். அந்த எண்தான் எல்லாம். வண்டி நிலையத்துக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்பதை அது தீர்மானித்துவிடுகிறது.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகள், சட்டம் என்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் ஊரில் சட்டம் முதலில் “குடித்தாயா?” என்று கேட்டது. பிறகு “வண்டியை ஓட்டும் நிதானத்தில் இருந்தாயா?” என்று கேட்டது. இப்போது “எண் எவ்வளவு?” என்று கேட்கிறது. இந்தக் கேள்வி மாறிய கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

மோட்டார் வருவதற்கு முன்னாலிருந்து தொடங்குவோம். 1860இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 510 என்று ஒரு பிரிவு இருந்தது. குடிபோதையில் பொது இடத்துக்கு வந்து பிறருக்குத் தொந்தரவு கொடுத்தால் 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 10 ரூபாய் வரை அபராதம். 1860இல் 10 ரூபாய் என்றால் ஏழைக்குப் பெரிய தொகை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்து ரூபாய் கடைசிவரை பத்து ரூபாயாகவே இருந்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த பிறகுதான் அது ஆயிரம் ரூபாய் ஆயிற்று. சமூக சேவையும் தண்டனையாகச் சேர்ந்தது. நூற்று அறுபது வருடங்களுக்கு மேல் தூசி தட்டாமல் கிடந்த தொகை!

சென்னை நகரத்துக்கு என்று 1888இல் தனியாக நகரக் காவல் சட்டம் வந்தது. அதன் 75ஆம் பிரிவை வடசென்னையில் அறியாதவர் குறைவு. “அவன்மேல செவன்ட்டி ஃபைவ் போட்டுட்டாங்க” என்பது நம் தெருப்பேச்சு. குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்தால் அந்தக் கேஸ். காலையில் கோர்ட்டில் நிறுத்துவார்கள், சின்ன அபராதம் கட்டிவிட்டு மதியம் வேலைக்கு வந்துவிடுவார்கள். இந்தச் சட்டங்கள் எல்லாம் தெருவில் விழுந்து கிடப்பவனையும் சண்டை போடுபவனையும் நினைத்து எழுதியவை. வண்டி ஓட்டுபவன் அதிகம் நினைவில் இல்லை.

இங்கிலாந்துக்காரன் கொஞ்சம் முன்னால் யோசித்திருக்கிறான். 1872ஆம் ஆண்டு அவர்கள் இயற்றிய உரிமச் சட்டத்தில், வண்டி, குதிரை, மாடு, நீராவி எஞ்சின் இவற்றைக் குடிபோதையில் நடத்திச் சென்றால் 40 ஷில்லிங் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் சிறை என்று எழுதி வைத்தார்கள். போதையில் மாடு ஓட்டிப் போனாலும் குற்றம். 1897 செப்டம்பரில் லண்டனில் ஒரு வாடகை மோட்டார் ஓட்டுநர் போதையில் வண்டியை ஒரு கட்டடத்தில் மோதி அபராதம் கட்டினார். மோட்டார் வண்டியைப் போதையில் ஓட்டியதற்காகத் தண்டனை பெற்ற முதல் ஆள் அவர்தான் என்று எழுதுகிறார்கள்.

நம் பக்கம் கதை வேறு வழியில் போயிற்று. 1937இல் ராஜாஜி முதலமைச்சர். அந்த வருடம் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவிலேயே பொது விற்பனை வரி அப்போதுதான் முதன்முதலாக வந்தது. இன்றைக்கு நாம் கடையில் கட்டுகிற வரிக்கெல்லாம் பூட்டன் அந்த வரிதான் என்பது பலருக்குத் தெரியாது. யுத்த காலத்தில் மதுவிலக்கு கொஞ்ச நாள் நிறுத்தப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 காந்தி ஜெயந்தியோடு மாகாணம் முழுவதும் மதுவிலக்கு என்றாயிற்று.

அந்தக் காலத்தில் குடிப்பதே குற்றம். ஆகவே குடித்துவிட்டு ஓட்டுபவனைப் பிடிக்க, அவன் எப்படி ஓட்டினான் என்று பார்க்க வேண்டியதே இல்லை. வாயில் வாடை வந்தால் போதும், மதுவிலக்கு வழக்கு. ஆனால் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு அப்படி இல்லை. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மதுவின் பிடியில் இருந்தால்தான் அந்தப் பிரிவின்படி குற்றம். இதை நிரூபிப்பது லேசில்லை. இரண்டு சட்டங்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன.

இதன் பலன் யாருக்கு என்று பாருங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைச் சந்துகளில் சுண்டக்கஞ்சி குடித்துவிட்டு நடந்து போனவன் பிடிபட்டான். அவனிடம் வண்டியே கிடையாது. வைத்தியரிடம் சான்று வாங்கி ‘பெர்மிட்’ வைத்திருந்த பெரிய மனிதரோ சொந்தக் காரில் போனார். அவர் குடித்தது சட்டப்படி சரி. ஓட்டியது சரியா என்று கேட்க 117ஆம் பிரிவு மட்டும்தான் இருந்தது. அதற்கு அவர் தடுமாறியதை யாராவது பார்த்துச் சாட்சி சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்து பிரெஞ்சில் படித்தது புதுச்சேரியில். அங்கே மதுவிலக்கு கிடையாது. சனி ஞாயிறுகளில் மெட்ராஸ் பதிவெண் போட்ட கார்கள் வரிசையாக வரும். திங்கட்கிழமைக்குள் திரும்பிவிடும். எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. டிக்கியைத் திறப்பார்கள், இருக்கைக்கு அடியில் கை விடுவார்கள், பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டுகிறவரின் கண் எப்படி இருக்கிறது என்று பார்த்ததாக நினைவில்லை. புதுச்சேரியில் குடித்தது குற்றமில்லை. பாட்டில் எல்லை தாண்டினால்தான் குற்றம். வயிற்றில் தாண்டினால் கேட்பாரில்லை. அன்றைய சட்டத்துக்கு எதிரி பாட்டில்தான், ஸ்டீயரிங் அல்ல.

வாடையை மட்டும் நம்பியதில் உள்ள சிக்கலைக் காட்டும் வழக்கு ஒன்று பம்பாயில் நடந்தது. 1951இல் அங்கேயும் மதுவிலக்கு. ஓர் இரவு ஒரு ஜீப் மூன்று பேர்மீது மோதியது. ஓட்டியவர் யார் தெரியுமா? பம்பாய் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி! பெசிகாகா என்பது அவர் பெயர். உரிமம் வழங்கும் அலுவலகத்தின் தலைவரே அவர். டாக்டர் பரிசோதித்தார். வாயில் மது வாடை இருந்தது. ஆனால் பேச்சு தெளிவு, நேர்கோட்டில் நடக்கவும் முடிந்தது. ஆகவே மது சாப்பிட்டிருக்கிறார், ஆனால் போதையின் பிடியில் இல்லை என்று டாக்டர் சொன்னார். மருந்துக் கடையில் விற்கும் டானிக் குடித்தேன், அதில் ஆல்கஹால் உண்டு என்றார் அதிகாரி. மாஜிஸ்திரேட் விடுவித்தார், ஹைகோர்ட் தண்டித்தது, சுப்ரீம் கோர்ட்டோ கடைசியில் அவரை விடுவித்துவிட்டது. குடித்தது டானிக் அல்ல, தடை செய்யப்பட்ட மதுதான் என்று அரசுத் தரப்பு நிரூபித்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரிகளில் அரசியலமைப்புப் பாடமாக இன்றும் படிக்கிறார்கள். எனக்கு என்னவோ, ஜீப்பில் அடிபட்ட மூன்று பேரும் அந்தத் தீர்ப்பில் எங்கேயோ காணாமல் போய்விட்டதாகவே தோன்றுகிறது.

“மது வாடை உள்ளது, ஆனால் போதையில் இல்லை” என்ற அந்த வாசகம் நம் பக்கத்து மருத்துவச் சான்றுகளிலும் அச்சடித்தாற்போல வரும். நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் கோப்புகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வடசென்னையில் பிடிபட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். டியூட்டி டாக்டர் வாயை முகர்வார், கண்பாவையைப் பார்ப்பார், கோட்டின் மேல் நடக்கச் சொல்வார், கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொல்வார். நல்ல நிதானக் குடிகாரர்கள் இதில் முதல் வகுப்பில் தேறிவிடுவார்கள். பழக்கமில்லாத சின்னப் பையன் தோற்பான்.

1971 ஆகஸ்ட் 30ஆம் தேதி கலைஞர் ஆட்சியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974இல் திரும்ப மூடினார்கள். 1981 மே மாதம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காக வந்தது, 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. இதெல்லாம் நம் வயதுக்காரர்கள் கண்ணால் கண்டது, விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றுதான். கடையில் அரசாங்கமே விற்கிற பொருளின் வாடை வாயில் வந்தால் அது எப்படிக் குற்றமாகும்? வாடை என்ற சாட்சி அன்றோடு செத்தது.

அதற்குச் சற்று முன்பே சுப்ரீம் கோர்ட் ஒரு மகாராஷ்டிர விபத்து வழக்கில் வழி காட்டியிருந்தது. வாயில் வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்பாவை இவை மட்டும் போதாது, ரத்தமோ சிறுநீரோ சோதித்திருக்க வேண்டும் என்றது. கரியானி வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். அதன்பின் ரத்தப் பரிசோதனை செய்யாத வழக்குகளில் வக்கீல்கள் இதை எடுத்து நீட்டுவது வாடிக்கை ஆனது.

இங்கே நான் படித்த மொழியைக் கொஞ்சம் இழுத்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ‘எத்தா தீவ்ரெஸ்’ என்றால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் போதை நிலை. ‘எத்தா அல்கோலிக்’ என்றால் ரத்தத்தில் மது இருக்கும் நிலை. ஒருவன் கம்பீரமாக நடக்கலாம், தெளிவாகப் பேசலாம், முதல் நிலையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இரண்டாவது நிலையில் இருந்தால் அவன் ஓட்டக் கூடாது. 1970 ஜூலையில் பிரான்ஸ் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.80 கிராம் என்று வரம்பு வைத்தது. 1978இல், விபத்தோ தப்போ நடக்காமலே சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று சட்டம் செய்தது. 1995இல் வரம்பை 0.50 ஆகக் குறைத்தது. தமிழில் நாம் இரண்டுக்கும் ‘போதை’ என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். “நான் போதையில் இல்லையே சார்” என்று தடுப்புக்குப் பக்கத்தில் நின்று சத்தியம் செய்கிறவர்களின் வாதம் முழுதும் இந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம்.

இங்கிலாந்து 1967இலேயே 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, ஊதும் கருவியைப் போலீஸ் கையில் கொடுத்துவிட்டது. கருவியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் போர்க்கன்ஸ்டைன், 1954இல். மூச்சில் வரும் ஆல்கஹால் பட்டால் பொட்டாசியம் டைக்குரோமேட்டின் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த அதே ரசாயனம். இப்போதைய கருவிகளில் அது இல்லை, மின்வேதிச் சில்லு இருக்கிறது. மூச்சில் உள்ளதைப் போல ஏறக்குறைய 2,100 மடங்கு ரத்தத்தில் இருக்கும் என்ற கணக்கை வைத்து எண்ணைக் காட்டுகிறது.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 185ஆம் பிரிவு. முதலில் எழுதியபோது, ரத்தத்தில் மது எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் குற்றம் என்றுதான் இருந்தது. இருமல் மருந்து குடித்தவனும் மாட்டிக்கொள்ளலாம். 1994 திருத்தத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் ஊதும் கருவியின் சோதனையில் தெரிய வேண்டும் என்று மாற்றினார்கள். இங்கிலாந்து வரம்பில் பாதிகூட இல்லை. அங்கே சட்டப்படி தப்பிக்கிற ஆள் இங்கே தாராளமாக மாட்டுவார். நிதானக் குடிகாரரும் சின்னப் பையனும் கருவி முன்னால் ஒன்றுதான். கார்க்காரரும் மொபெட்காரரும் ஒன்றுதான். முகர்ந்து பார்க்கும் மூக்குக்கு ஆள் யார், அவர் யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் தெரியும். கருவிக்குத் தெரியாது. அந்த வகையில் இது நல்ல மாற்றம் என்பதே என் கட்சி.

ஆனால் தண்டனை அப்படிச் சமமாக விழவில்லை. 1988 சட்டப்படி முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது 3,000 ரூபாய். நடைமுறையில் அபராதம்தான் வழக்கம். முப்பது வருடம் அந்த இரண்டாயிரம் அசையவே இல்லை. 1989இல் அது ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தைத் தொடும். 2018இல் நல்ல ஓட்டலில் நாலு பேர் குடித்த பில்லைவிடக் குறைவு. 2015இல் சுப்ரீம் கோர்ட் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, குடித்து ஓட்டியவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்க வேண்டும், முதல் குற்றத்துக்கே சிறை கேட்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019 செப்டம்பர் 1 முதல் திருத்தச் சட்டம் தொகையை 10,000 ஆக்கியது. இரண்டாம் முறைக்கு 15,000. தமிழ்நாட்டில் புதிய அபராதங்களுக்கான அரசாணை 2022 அக்டோபரில்தான் வந்தது. அதே சமயத்தில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே உட்கார்ந்து வருபவர்மீதும் 188ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடப்படும் என்று அறிவித்தது. “நான் சும்மா பின்னாடிதான் உட்கார்ந்தேன்” என்ற சமாதானம் அன்றோடு போயிற்று.

பத்தாயிரம் ரூபாய் நம் பேட்டையில் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. எண்ணெய்க் கம்பெனி கேட்டில் கூலிக்கு நிற்பவன் ஓட்டும் பழைய வண்டி, விற்றால் பத்தாயிரம் போகாது. ஆகவே சிலர் அபராதம் கட்டுவதில்லை, வண்டியையும் கேட்பதில்லை. 2023இல் போலீஸ் தரப்பில் கால் சென்டர்கள் வைத்து ஆளுக்கு ஆள் போன் செய்து அபராதத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள். கட்டாதவர்களின் சொத்தை ஜப்தி செய்யக் கோர்ட்டில் வாரண்ட் வாங்கினார்கள். சிறை என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது, நடப்பது வசூல். வாடகைக் காரில் வீடு போகக் காசிருப்பவருக்கு அந்தப் பத்தாயிரம் ஒரு ராத்திரிச் செலவு. கூலிக்காரனுக்கு அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அதற்காகத் தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டியைக் கேட்டால் இருபதாயிரம் போடச் சொல்லுவாள். ஆனால் உரிமத்தை நிறுத்தி வைத்தால் பணக்காரனுக்கும் வலிக்கும். அது எத்தனை வழக்கில் நடக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கடை பக்கமிருந்து இதைத் தடுக்க முடியுமா என்ற முயற்சியும் நம் தமிழ்நாட்டிலிருந்துதான் புறப்பட்டது. வழக்கறிஞர் கே.பாலு சென்னை ஹைகோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். நெடுஞ்சாலையோரம் மதுக்கடை வைத்துவிட்டு, குடித்துவிட்டு ஓட்டாதே என்று பலகை வைப்பது என்ன நியாயம் என்பதுதான் அதன் சாரம். 2013இல் ஹைகோர்ட் கடைகளை அகற்றச் சொன்னது. வழக்கு டெல்லி போனது. 2016 டிசம்பர் 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று நாடு முழுமைக்கும் தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.

நம் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் அறிவித்து ரத்தானதே, அதே ஏப்ரல். நெடுஞ்சாலையில் மூடிய கடைகளுக்கு மாற்று இடம் தேடி ஊருக்குள் வந்தார்கள். வீடுகளுக்கு நடுவே கடை வருவதை எதிர்த்துத் தமிழ்நாடு முழுவதும் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். சில இடங்களில் பாட்டில்களை உடைத்தார்கள். அந்த ஜூலையிலேயே சுப்ரீம் கோர்ட், நகராட்சி எல்லைக்குள் உள்ள சாலைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் சொல்லிவிட்டது. சென்னை முழுக்க நகர எல்லைதானே. நமக்குக் கடைசியில் ஒன்றும் மாறவில்லை.

உயிர் போனால் என்ன தண்டனை என்றும் சொல்ல வேண்டும். பழைய 304ஏ பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் இரண்டு வருடம்தான். ஏழு பேர் செத்தாலும் அதே கணக்கு. பம்பாயில் 2006 நவம்பரில் கார்ட்டர் சாலை நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளர்கள் ஏழு பேர்மீது கார் ஏறி இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். அவருக்குக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தின்கீழ் விதிக்கப்பட்ட மூன்று வருடத்தை 2012இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாவான் என்று தெரிந்தே செய்தது என எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. இப்போது புதிய சட்டத்தில் கவனக்குறைவு மரணத்துக்கே ஐந்து வருடம் வரை உண்டு.

கடைசியாக, நடைமுறையில் பலர் குழம்பும் இரண்டு விஷயம். கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்கிறது. ஊத மறுத்தால் தப்பிக்கலாம் என்று டீக்கடையில் ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. 205ஆம் பிரிவைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். நியாயமான காரணமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே அவருக்கு எதிரான சாட்சியத்துக்கு வலுவாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். இந்த வழக்கில் அந்த இடத்திலேயே காசு கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.